கால்வாய்க் கரையில் ஒரு விடுமுறை நாள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் தோல் தொழிலையும் காலணித் தொழிலையும் நம்பி வாழும் குடும்பங்கள் பல. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஆடவர் மட்டுமன்றிப் பெண்டிரும் தொழிற்சாலைக்குச் செல்கின்றனர். வேளாண் குடும்பத்திலும் ஒருவராவது இத்தொழிலில் இருப்பது இப்பகுதியில் புதிதன்று. இத்தகைய வீட்டில் தாய், தந்தை, மக்கள் எல்லோரும் ஒருங்கே கூடும் நாள் பெரும்பாலும் ஞாயிறு ஒன்றே. அந்நாளில் வெளியே சென்றுவரலாம் என்றால், பேருந்துச் செலவையும் ஓட்டல் செலவையும் கணக்கிட்டுப் பார்த்து வீட்டிலேயே தங்கிவிடுவோர்தாம் மிகுதி. ஆயினும் அவ்வீடுகளில் பலவற்றின் திண்ணையோரம் ஒரு மிதிவண்டி சாய்ந்து நிற்கிறது. பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர்க்கு அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டி அது. பள்ளிப் படிப்பு முடிந்தபின் அது காற்றிழந்து கிடப்பதை ஊர்தோறும் காண்கிறோம். அதனைத் துடைத்தெடுத்து, உறவினரிடம் மேலும் ஒன்றிரண்டு இரவல் பெற்று, குடும்பத்தோடு ஒருநாள் நீரோரமாகச் சென்றுவருவது எங்ஙனம் என்பதை இங்கே கூற விரும்புகிறோம்.

முதற்கண் வழியைப் பற்றி. மேடு பள்ளம் இல்லாத வழி வேண்டுமாயின் கால்வாய்க் கரையை நாடுதல் வேண்டும். கால்வாய் வெட்டியவர்கள், நீர் கரையை அரிக்காமலும் தேங்காமலும் மெல்ல ஓடும்படி மிகச் சிறிய சரிவையே வைத்தார்கள். மேடு வந்தால் அதனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஆதலின் அதன் கரையும் சமமாகவே செல்கிறது. எட்டு வயதுச் சிறுவனும் மூச்சு வாங்காமல் மிதிக்கலாம்.

நம் பகுதியில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, வாலாஜாப்பேட்டைக்கு அருகில் பாலாற்றின் குறுக்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பெற்ற அணைக்கட்டு. அங்கிருந்து வடகரையில் மகேந்திரவாடி, காவேரிப்பாக்கம் கால்வாய்களும், தென்கரையில் சக்கரமல்லூர், தூசி கால்வாய்களும் பிரிகின்றன. காவேரிப்பாக்கம் ஏரி தமிழ்நாட்டின் பேரேரிகளுள் ஒன்று, பல்லவர் காலத்தது. அவ்வூர்க்கு அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்ற பெயரும் இருந்தது. அவனிநாராயணன் என்பது மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். மகேந்திரவாடியிலோ முதலாம் மகேந்திரவர்மன் ஒரே பாறையில் குடைந்த திருமால் கோயில் இன்றும் நிற்கிறது. ஏரியும் ஊரும் கோயிலும் அம்மன்னன் பெயரையே தாங்கியிருந்தன என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. வரலாற்றுப் பாடத்தில் பெயரளவில் படித்த பிள்ளைக்கு அப்பாறையைத் தொட்டுப் பார்ப்பது தனி இன்பம். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தார் இவ்வளவு தொலைவு வரவேண்டுவதில்லை. தத்தம் ஊர் ஏரிக்கரையே அவர்கட்குப் போதும்.

ஆற்றின் உள்ளே இறங்கி வண்டி ஓட்டலாமே என்று சிலர் கேட்பர். அது கூடாது. மணலில் சக்கரம் புதையும் என்பது சிறு காரணம். மணல் அள்ளிய பள்ளங்கள் மழைக்குப்பின் நீர் நிறைந்து, ஆழம் தெரியாமல் மட்டமாகத் தோன்றும் என்பதே பெரிய காரணம். நீந்தத் தெரிந்த பிள்ளையாயினும் பள்ளத்தின் அருகே விடுதல் தகாது. 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த பெருவெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தரைப்பாலத்தின்மேல் நீர் ஓடுமாயின், கணுக்கால் அளவே ஆயினும், வந்த வழியே திரும்புக.

குடிநீரை வீட்டிலிருந்தே கொண்டுசெல்க. தோல் பதனிடும் கழிவால் பாலாற்றுப் படுகையின் கிணறுகள் கெட்ட வரலாறு நாம் அறிந்ததே. 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இதுபற்றி அளித்த தீர்ப்பு நாடெங்கும் பேசப்பட்டது. 2025 ஜனவரியிலும் அந்நீதிமன்றம் இதே சிக்கலை விசாரித்து ஆணை பிறப்பித்தது. தெளிவாகத் தோன்றும் நீரிலும் உப்பு கரைந்திருக்கும். வழியிலுள்ள கிணற்று நீரைக் குடித்துப் பார்த்துச் சோதிக்கும் வேலை நமக்கு வேண்டா. ஓடையில் நுரையோ நிறமோ கண்டால் பிள்ளைகளை அதில் கால் நனைக்க விடாமல், இடத்தையும் நேரத்தையும் குறித்துவந்து ஊராட்சியில் தெரிவிப்பது நலம்.

காலம் மார்கழி முதல் மாசி வரை. அப்பொழுதுதான் ஏரியில் நீரும் காற்றில் குளிர்ச்சியும் இருக்கும். கோடையில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அந்நாளில் இம்முயற்சி வேண்டா. குளிர்காலத்தில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வீசும். அணைக்கட்டிலிருந்து கிழக்கே செல்வோர்க்குப் போகும்போது எதிர்காற்று, களைத்துத் திரும்பும்போது பின்காற்று. இதனை மாற்றி அமைத்துக்கொண்டவர்கள் மாலையில் பிள்ளையின் வண்டியையும் சேர்த்துத் தள்ளவேண்டி வரும்.

தொலைவைக் குடும்பத்தில் மிக மெதுவாக மிதிப்பவரை வைத்தே கணக்கிடல் வேண்டும். பிள்ளைகளோடு மணிக்கு 8 கிலோமீட்டர் என்று கொள்க. போகவர 15 கிலோமீட்டருக்குமேல் முதல்முறை வேண்டா. தந்தை முன்னும் தாய் பின்னும் செல்ல, பிள்ளைகள் நடுவில் வருதல் நன்று. நெடுஞ்சாலையைக் கடக்க நேர்ந்தால் எல்லோரும் இறங்கித் தள்ளிச் செல்க. கேரியரில் அமரும் குழந்தையின் குதிகால் சக்கரக் கம்பிகளுக்குள் சிக்கும் விபத்து அடிக்கடி நேர்கிறது. காலைத் தாங்கும் படியும் கம்பிகளை மறைக்கும் தடுப்பும் இல்லாத வண்டியில் சிறு குழந்தையை ஏற்றலாகாது. சேலை முந்தானையையும் துப்பட்டாவையும் இறுகச் செருகிக்கொள்க.

தாய்க்கு வண்டி ஓட்டத் தெரியாதே என்பது பல வீடுகளில் எழும் தடை. அதனால் அவர் வீட்டில் இருந்துவிட, மற்றவர் செல்வது குடும்பப் பயணம் ஆகாது. 1991 முதல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பித்தது. கல் உடைக்கும் பெண்களும் கூலி வேலை செய்வோரும் கேலிப்பேச்சைப் பொருட்படுத்தாது கற்றனர். இருக்கையைத் தாழ்த்தி, இரு காலும் தரையில் ஊன்றும்படி வைத்து, பெடல் மிதியாமல் உந்தி உந்திச் செல்லப் பழகினால் சில மாலைகளில் நிலை பிடிபடும். ஏறுவதற்குமுன் நிறுத்தக் கற்பதே முறை. பிரேக்குக் கட்டைகள் தேய்ந்த வண்டியில் யாரையும் பழக்கலாகாது.

உணவுக்குப் புளிசாதமும் தயிர்ச்சோறும் ஏற்றவை. ஆம்பூர் பிரியாணியின் பெருமையைக் குறைத்துப் பேச நமக்கு எண்ணமில்லை. ஆனால் அதனை உண்டபின் உச்சிவெயிலில் மிதிப்பது கடினம். வீடு திரும்பியபின் வைத்துக்கொள்க.

இனி ஊராட்சி உறுப்பினர்களுக்கு. கரை முழுதும் ஒரே தரமாய் இராது. சில இடங்களில் கரை உடைந்தும், சில இடங்களில் சீமைக்கருவேலம் மூடியும் கிடக்கும். அம்முள் ஒன்று போதும், டியூபில் காற்று இறங்க. முன்னதாக ஒருவர் சென்று வழி பார்த்துவருவதும், பஞ்சர் ஒட்டும் பொருள்களும் கைப்பம்பும் உடன் கொள்வதும் பயணம் செல்வோர் கடமை. முள்ளை அகற்றுவதும், பள்ளங்களின் அருகே எச்சரிக்கைப் பலகை நடுவதும் ஊராட்சி முயலவேண்டிய பணி. கரை நீர்வளத் துறையினுடையதாயின் அத்துறைப் பொறியாளரிடம் முன்னரே கேட்டுக்கொள்ளல் வேண்டும். மதகின் திருகைப் பிள்ளைகள் தொடாதபடியும், வாய்க்காலில் பிளாஸ்டிக் உறை வீழாதபடியும் பார்த்துக்கொண்டால் பாசனக்காரர்கள் மறுப்புச் சொல்ல இடமில்லை. ஜனவரி 26ஆம் நாள் கிராம சபையில் இதனை ஒரு பொருளாக வைத்து முடிவு செய்தால், மாசி முடிவதற்குள் இன்னும் ஐந்தாறு ஞாயிறுகள் எஞ்சியிருக்கும்.