பேசாத பிள்ளையின் கோப்பு யார் மேசையில்?

இரண்டரை வயசாகியும் பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதும் இல்லை என்றால் நம்ம பக்கத்தில் அதற்கு ரெடியா ஒரு பதில் உண்டு. "ஆம்பளப் பிள்ள கொஞ்சம் தாமசிச்சுத்தான் பேசும், அவனுக்க அப்பனும் அப்பிடித்தான்." சில பிள்ளைகள் விஷயத்தில் அது சரியாகவும் இருக்கும். மற்ற பிள்ளைகளுக்கு அந்தப் பதில் ஒன்றிரண்டு வருஷத்தைத் தின்றுவிடும். பிறவியிலேயே காது கேளாத குழந்தையை ஒரு மாதத்துக்குள் பரிசோதித்து, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்து, ஆறு மாதத்துக்குள் பயிற்சியைத் தொடங்க வேண்டும் என்பது உலகம் முழுக்க மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுகோல். ஆறு மாதம் எங்கே, இரண்டரை வருஷம் எங்கே!

சரி, இப்படி ஒரு பிள்ளைக்கு அரசாங்கத்தில் யார் பொறுப்பு? யார் கவனிக்கிறார்கள், கவனிக்கிறவர்களை யார் கவனிக்கிறார்கள்? சட்டங்களையும் திட்ட வழிகாட்டுதல்களையும் எடுத்து வைத்து வாசித்ததில் எனக்குப் புரிந்ததை இங்கே குறித்து வைக்கிறேன்.

நான்கு வாசல்

முதல் வாசல் சுகாதாரத் துறை. 2013-ல் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற திட்டத்தின்படி, ஒவ்வொரு வட்டாரத்திலும் மருத்துவக் குழு ஒன்று வண்டியில் அங்கன்வாடிகளுக்கு வருஷத்தில் இரண்டு தடவையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒரு தடவையும் போக வேண்டும். பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, நோய், வளர்ச்சித் தாமதம் என்ற நாலு தலைப்பில் 0 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்கும். சந்தேகம் இருந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு, சுருக்கமாக டி.இ.ஐ.சி.க்கு, அனுப்பும். குழந்தை மருத்துவர், இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதுதான் அந்த மையத்தின் திட்டம்.

இரண்டாவது வாசல் அங்கன்வாடி. இது சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறையின் கீழ் வருகிறது. பிள்ளையைத் தினமும் பார்க்கிற ஒரே அரசு ஊழியர் அங்கன்வாடிப் பணியாளர்தான். மாற்றுத்திறன் குழந்தைகளை அடையாளம் கண்டு சேர்த்துக்கொள்வதற்கான தனி நெறிமுறை ஒன்றை மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்டது.

மூன்றாவது, மாற்றுத்திறனாளிகள் நலத் துறை. 0 முதல் 6 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான ஆரம்பநிலைப் பயிற்சி மையங்களுக்கும் சிறப்புப் பள்ளிகளுக்கும் மானியம் கொடுப்பது இந்தத் துறை. நடத்துவது பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள். மாவட்ட அளவில் இதைப் பார்க்கிறவர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர்.

நாலாவது, பள்ளிக் கல்வித் துறை. சமக்ர சிக்ஷா, அதாவது 2018-ல் பழைய திட்டங்களை இணைத்து உருவான ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 'உள்ளடக்கிய கல்வி' என்று ஒரு பிரிவு உண்டு. நம்ம மாவட்டத்தின் ஒன்பது வட்டாரங்களிலும் (அகஸ்தீஸ்வரம், ராஜாக்கமங்கலம், தோவாளை, குருந்தன்கோடு, தக்கலை, திருவட்டார், கிள்ளியூர், முஞ்சிறை, மேல்புறம்) இந்த வேலை வட்டார வள மையம் வழியாகத்தான் நடக்கிறது. சிறப்புப் பயிற்றுநர்கள் பள்ளிக்குப் போவதும், நடமாட முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பதும் இதில் சேரும்.

நாலு வாசல் இருப்பதில் தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு வாசலிலும் தனி நோட்டு, தனி எண். கர்ப்பகாலத்தில் அம்மாவுக்குக் கொடுப்பது பிக்மி எண். பள்ளியில் சேர்ந்தால் எமிஸ் எண். மாற்றுத்திறன் சான்றுக்கு யு.டி.ஐ.டி. அடையாள அட்டை எண். மென்பொருள் பாஷையில் சொன்னால், பல டேபிள் இருக்கிறது, எல்லாவற்றையும் கோர்க்கிற பொதுவான சாவிதான் இல்லை. அங்கன்வாடியில் சந்தேகப்பட்ட பிள்ளை மருத்துவமனைக்குப் போனதா, போன பிள்ளைக்குப் பயிற்சி தொடங்கியதா, தொடங்கிய பயிற்சி பள்ளியில் தொடர்ந்ததா என்று எந்த ஒரு டேபிளைப் பார்த்தும் சொல்ல முடியாது.

ஆறு வயசு என்ற கோடு

சட்டத்தில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது இந்தக் கோடுதான். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இருந்தது ஏழு. புதிய சட்டத்தின் 31-வது பிரிவு, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாகக் கொடுக்கிறது. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது அவர்கள் விருப்பம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் 6-ல்தான் தொடங்குகிறது.

அப்போ ஆறு வயசுக்கு முன்னால்? 25-வது பிரிவு, வருஷத்துக்கு ஒரு முறையாவது எல்லாக் குழந்தைகளையும் பரிசோதிப்பதை அரசு எடுக்க வேண்டிய நடவடிக்கைகளில் ஒன்றாகச் சொல்கிறது. மறுவாழ்வுச் சேவைகளைப் பற்றிப் பேசும் 27-வது பிரிவில் மட்டும் அரசின் 'பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு' என்று ஒரு வாசகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதாவது கண்டுபிடிப்பது கடமை. கண்டுபிடித்த பிறகு கொடுக்க வேண்டிய பயிற்சி, கையில் காசு இருந்தால். மூளை வேகமாக வளர்கிற, பயிற்சிக்கு அதிகப் பலன் கிடைக்கிற வயசில் பிள்ளைக்கு இருப்பது திட்டம். அந்த வயசு தாண்டிய பிறகு வருவதுதான் உரிமை. திட்டத்தை ஒரு அரசாணையில் மாற்றலாம், நிறுத்தலாம். உரிமையை அப்படிச் செய்ய முடியாது.

கண்காணிப்பு என்று எதைச் சொல்கிறோம்?

இந்த விஷயத்தில் அரசு கையில் நாலு கயிறு இருக்கிறது.

ஒன்று, நிறுவனப் பதிவு. 2016 சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனத்தைப் பதிவுச் சான்று இல்லாமல் நடத்தக் கூடாது. நிபந்தனையை மீறினால் சான்றை ரத்து செய்யலாம்.

இரண்டு, ஆள் பதிவு. சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், மறுவாழ்வு உளவியலாளர் போன்றோர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அது. பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தெருவுக்குத் தெரு 'தெரபி சென்டர்' போர்டு தொங்கும் இந்தக் காலத்தில் ஆயிரம் ரூபாய் அபராதம் யாரைப் பயமுறுத்தும் என்பது வேறு கேள்வி.

மூன்று, பணம். மானியம் வாங்கும் மையத்தை அலுவலர் ஆய்வு செய்யலாம், கணக்குக் கேட்கலாம். இந்தக் கயிறு இரண்டு பக்கமும் இழுக்கும். சமக்ர சிக்ஷாவில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற பங்கு. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் சேராததை ஒட்டி 2024-25-க்கான சுமார் 2,152 கோடி ரூபாய் தமிழ்நாட்டுக்கு வராமல் நின்றது. மாநிலம் உச்ச நீதிமன்றம் போனது. சிறப்புப் பயிற்றுநருக்குச் சம்பளம் கொடுப்பதும் இதே திட்டம்தான். டெல்லிக்கும் சென்னைக்கும் நடக்கிற சண்டை, மேல்புறத்தில் ஒரு வீட்டுக்கு வாராவாரம் வரும் பயிற்றுநரைத் தொடுகிற தூரத்தில்தான் இருக்கிறது.

நாலு, புகார். மாநில ஆணையர் தாமாகவே ஒரு விஷயத்தை எடுத்து விசாரிக்கலாம். ஆளை வரவழைக்கவும் ஆவணம் கேட்கவும் உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் ஒரு பரிந்துரை செய்தால் சம்பந்தப்பட்ட அலுவலகம் மூன்று மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். ஆனால் தமிழ்நாட்டில் நீண்ட காலம் துறையை நடத்தியவரே ஆணையராகவும் இருந்தார். கோடு எழுதியவரே டெஸ்டிங்கும் செய்தால் என்ன ஆகும் என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எதை எண்ணுகிறோம்?

அரசு அறிக்கைகளில் பெரும்பாலும் பார்ப்பது இந்த மாதிரி எண்கள்: இத்தனை முகாம், இத்தனை பயனாளி, இத்தனை உபகரணம், இவ்வளவு செலவு. ஒரு பிள்ளைக்குச் சந்தேகம் வந்த நாளுக்கும் முதல் பயிற்சி நடந்த நாளுக்கும் நடுவில் எத்தனை நாள் என்ற எண்ணை நான் எங்கும் பார்க்கவில்லை.

அமெரிக்காவில் 'ஐடியா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் சட்டம் இந்த எண்ணைத்தான் பிடித்துக்கொண்டது. 1975-ல் பள்ளிப் பிள்ளைகளுக்காக வந்த சட்டம் அது. 1986-ல் பிறந்த குழந்தைகளையும் சேர்த்தார்கள். மூன்று வயசுக்கு உட்பட்ட பிள்ளையைப் பற்றித் தகவல் வந்தால் 45 நாளுக்குள் மதிப்பீடும் குடும்பத்தோடு உட்கார்ந்து போடும் முதல் திட்டக் கூட்டமும் முடிய வேண்டும். மூன்று வயசு முடிய 90 நாளுக்கு முன்பே பள்ளித் தரப்போடு கைமாற்றும் பேச்சு நடக்க வேண்டும். ஒவ்வொரு மாநிலத்திலும் இதற்குப் பொறுப்பான முகமை ஒன்றே ஒன்று. மத்திய கல்வித் துறை வருஷாவருஷம் மாநிலங்களை நாலு தரத்தில் ஒன்றில் வைத்துப் பகிரங்கமாக அறிவிக்கும்.

அங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. கூடுதல் செலவில் 40 சதவீதத்தை மத்திய அரசு தரும் என்று 1975-ல் சொன்னதை இன்றுவரை நிறைவேற்றவில்லை. டெக்சாஸ் மாநிலம் 2004-ல் மாவட்டங்களைக் கண்காணிக்க ஒரு குறியீடு வைத்தது: சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைகள் 8.5 சதவீதத்துக்கு மேல் போனால் கேள்வி வரும். கேள்விக்குப் பயந்து பள்ளிகள் தகுதியான பிள்ளைகளையே திருப்பி அனுப்பின. ஒரு பத்திரிகை 2016-ல் அதை வெளிக்கொண்டு வந்தது. 2018-ல் மத்திய அரசு அது சட்டமீறல் என்று அறிவித்தது. தப்பான எண்ணை எண்ணினால், எண்ணாமல் இருப்பதைவிட மோசமாகப் போய்விடும்.

இந்தியாவில் இந்தத் திசையில் வந்திருக்கும் ஒரு உருப்படியான எண், சிறப்பாசிரியர் விகிதம். ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் சொன்னபடி தொடக்க வகுப்புகளில் 10 பிள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15-க்கு ஒருவர். 2025 மார்ச்சில், பணியிடங்களை அறிவிக்கச் சொல்லி மாநிலங்களை மறுபடியும் விரட்டியது. உலக வங்கிக் கடனோடு நடக்கும் 'தமிழ்நாடு உரிமைகள்' திட்டம், சேவைகளை வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரே இடத்தில் கொண்டுவரப் பார்க்கிறது. விடியற்காலை பால்வெட்டுக்குப் போகிற ஒரு அம்மா பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு வந்து போனால் அன்றைய கூலி போச்சு. வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பார்? அதனால் தூரமும் எண்ண வேண்டிய ஒரு எண்தான்.

நாம் என்ன செய்யலாம்?

பிள்ளை மேல் சந்தேகம் வந்தால் மாற்றுத்திறன் சான்றிதழுக்காகக் காத்திருக்க வேண்டாம். சான்று உதவித்தொகைக்கும் சலுகைக்கும்தான். பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் அது முன்நிபந்தனை அல்ல. அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லி, பரிந்துரைச் சீட்டைத் தேதியோடு வாங்கி வையுங்கள். காது கேளாமை உறுதியானால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் அறுவை சிகிச்சைக்கு 6 வயசு வரம்பு இருப்பதையும் மறக்க வேண்டாம். தனியார் பயிற்சி மையம் என்றால் பயிற்சியாளரின் மறுவாழ்வுக் கழகப் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

பிள்ளை ஐந்து வயசைத் தாண்டும்போதே வட்டார வள மையத்துக்குப் போய்ப் பெயரைக் கொடுத்துவிடுங்கள். இதுவரை நடந்த பயிற்சிகளின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். துறைகள் கோர்க்காத சாவியை இப்போதைக்குப் பெற்றோர்தான் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் சுமக்க வேண்டியிருக்கிறது.

பிள்ளை சம்பந்தமில்லாதவர்களும் ஒரு வேலை செய்யலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மூன்று கேள்வி அனுப்புங்கள். போன வருஷம் நம்ம மாவட்டத்தில் எத்தனை பிள்ளைகள் டி.இ.ஐ.சி.க்குப் பரிந்துரைக்கப்பட்டார்கள்? அதில் எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள்? பரிந்துரைக்கும் முதல் பயிற்சிக்கும் நடுவில் எத்தனை நாள்? 30 நாளில் பதில் வர வேண்டும். "அப்படி ஒரு பதிவேடு பராமரிக்கப்படவில்லை" என்று பதில் வந்தாலும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மாநில ஆணையருக்கு மனு எழுத அதைவிட நல்ல இணைப்பு கிடைக்காது.