கிணற்று நீரும் தைராய்டுச் சுரப்பியும்

தைராய்டுக் குறைபாட்டிற்கு மாத்திரை உட்கொள்ளத் தொடங்குவோர் எங்கள் புறநோயாளர் பிரிவில் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, "இது எதனால் வந்தது?" என்பதே. உடலின் எதிர்ப்பாற்றல் தன் சுரப்பியையே தாக்குவதும், உணவில் அயோடின் குறைவதும் முதன்மையான காரணங்கள் என்று விடை கூறுகிறோம். ஆயினும் மகாராஜபுரம், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில் வாழும் நாம் அறிந்திருக்க வேண்டிய செய்தி வேறொன்றும் உண்டு. அது நம் அண்டை நகரமாகிய சிவகாசியைச் சார்ந்தது.

பட்டாசு மருந்து எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தரும் உப்புகளுள் ஒன்று பொட்டாசியம் பெர்குளோரேட். இது நீரில் கரையும். மண்ணில் தங்காமல் மழைநீரோடு இறங்கி நிலத்தடி நீரைச் சேரும். நிறமோ மணமோ இதனைக் காட்டிக்கொடுப்பதில்லை.

தைராய்டுச் சுரப்பி தன் ஹார்மோனை உண்டாக்க அயோடின் தேவை. குருதியில் ஓடும் அயோடினை உள்ளிழுத்துக்கொள்ள அதன் உயிரணுக்களில் தனி வாயில்கள் உள்ளன. பெர்குளோரேட் அளவிலும் மின்னேற்றத்திலும் அயோடினை ஒத்திருப்பதால் அவ்வாயில்களை அடைத்துக்கொள்கிறது. அயோடின் வெளியே நின்றுவிடுகிறது. இது வெறும் ஊகமன்று. 1950களில், தைராய்டு மிகையாகச் சுரந்த நோயாளிகளுக்கு மருத்துவர்கள் இதே உப்பை மருந்தாகக் கொடுத்தனர். சிலருக்கு எலும்பு மஜ்ஜை செயலிழந்ததால் அவ்வழக்கம் பின்னர் பெரிதும் கைவிடப்பட்டது.

ஜப்பானிய, இந்திய ஆய்வாளர்கள் இணைந்து சிவகாசி, மதுரைப் பகுதிகளின் நீரை ஆராய்ந்து, முடிவுகளை 2013இல் வெளியிட்டனர். நிலத்தடி நீரில் காணப்பட்ட மிக உயர்ந்த அளவு லிட்டருக்கு 7,690 மைக்ரோகிராம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குடிநீருக்கு அப்போது வைத்திருந்த வழிகாட்டு அளவு 15 மைக்ரோகிராம். சிவகாசியின் 57 நிலத்தடி நீர் மாதிரிகளுள் 17 அதனைக் கடந்திருந்தன. மதுரை மாதிரிகளில் ஒன்றுகூடக் கடக்கவில்லை. பட்டாசு ஆலைகளை ஒட்டிய பகுதிகளிலேயே அளவு மிகுந்திருந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் அறிவித்த வழிகாட்டு அளவு சற்றே தாராளமானது, 70 மைக்ரோகிராம். அதைக் கொண்டு பார்த்தாலும் அந்த உச்ச அளவு நூறு மடங்குக்கு மேல். எனினும் அவ்வாய்வு நீரை அளந்தது, மனிதரை அளக்கவில்லை. ஆகவே, "என் தைராய்டு நோய்க்குப் பட்டாசே காரணம்" என்று எவரும் முடிவு கட்டிவிடலாகாது.

யாருக்கு இது மிகவும் பொருட்டானது? நல்ல உடல்நிலையிலுள்ள பெரியவரின் சுரப்பியில் பல வாரங்களுக்குப் போதுமான ஹார்மோன் சேமிப்பு இருக்கும். கருவிலுள்ள சிசுவுக்கு அது கிடையாது. முதல் மாதங்களில் அதன் மூளை வளர்ச்சி தாயின் ஹார்மோனையே நம்பியிருக்கிறது. அதனால்தான், கருவுற்றதை அறிந்தவுடன் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனைக்கு வருமாறு வற்புறுத்துகிறோம். பிறந்த குழந்தைக்கும் இப்பரிசோதனையைத் தவறவிட வேண்டாம்.

நீரைக் கொதிக்கவைத்தால் கிருமிகள் மடியும், பெர்குளோரேட் போகாது. மாறாக, நீர் ஆவியாகிக் குறையுமளவு அதன் செறிவு கூடவே செய்யும். ஆர்.ஓ. கருவி இதனைப் பெருமளவு நீக்கும். பட்டாசு ஆலைக்கு அருகில் கிணறோ ஆழ்துளைக் கிணறோ வைத்திருப்போர், குடிக்கவும் சமைக்கவும் அந்நீரைத் தவிர்த்துக் குழாய்நீரைப் பயன்படுத்துவது நலம். அதே ஆய்வில் குழாய்நீர் மாதிரிகளில் இருந்த அளவு லிட்டருக்கு அரை மைக்ரோகிராமுக்கும் குறைவே.

அயோடின் போதிய அளவில் இருந்தால் வாயிலில் நடக்கும் போட்டியில் பெர்குளோரேட் எளிதில் வெல்லாது. நம் வீடுகளில் கல் உப்பின் மீதுள்ள பற்றை நாங்கள் அறிவோம். ஊறுகாய்க்கு அதுதான் சரி என்பார்கள். கல் உப்பே வேண்டுமெனில், அயோடின் சேர்த்தது என அச்சிட்ட உறையைப் பார்த்து வாங்குங்கள். அடுப்பருகே திறந்து வைக்காமல் மூடிவையுங்கள். இரத்த அழுத்தம் உள்ளோர் இதைச் சாக்காகக் கொண்டு உப்பைக் கூட்ட வேண்டாம். அளவு அதேதான், வகை மட்டுமே மாறுகிறது.

பட்டாசு ஆலைக்குப் பணிக்குச் செல்வோர் வீடு திரும்பியதும் குளித்து உடை மாற்றிய பின்னரே குழந்தையைத் தூக்க வேண்டும். பணி உடையைத் தனியே துவையுங்கள். தாய்ப்பால் கொடுப்பதை இக்காரணத்திற்காக நிறுத்த வேண்டியதில்லை; தாய் அயோடின் உப்பு உண்பது காப்புக்கு உதவும். புகையிலைப் புகையிலுள்ள ஒரு பொருளும் அதே வாயிலை அடைப்பது என்பதை வீட்டு ஆண்களுக்குச் சொல்லுங்கள்.

ஹார்மோன்களைக் குலைக்கும் பொருள்கள் வேறு பலவும் உண்டு. கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்கள் மீது பல ஆண்டுகள் வான்வழி தெளிக்கப்பட்ட எண்டோசல்பான் அவற்றுள் ஒன்று. அங்குள்ள சிறுவர்களின் பருவ வளர்ச்சி தாமதப்பட்டதாக 2003இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் அம்மருந்தைத் தடை செய்தது. தோப்புகளில் பூச்சிமருந்து வந்த கேனைக் கழுவித் தண்ணீர் பிடிக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. எத்தனை முறை கழுவினாலும் அக்கேன் தண்ணீருக்கு ஆகாது.

உடலில் பெர்குளோரேட் உள்ளதா என்று தனியே பரிசோதிக்க வேண்டியதில்லை; சுரப்பி எவ்வாறு இயங்குகிறது என்பதை டி.எஸ்.எச். காட்டிவிடும். ஏற்கெனவே லெவோதைராக்சின் உட்கொள்வோர், நீரை மாற்றிவிட்டோம் என்று மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். அடுத்த முறை வரும்போது உங்கள் வீட்டுக் குடிநீர் எங்கிருந்து வருகிறது, வீட்டில் எவர் என்ன பணி செய்கிறார் என்பதை மருத்துவரிடம் கூறுங்கள். உங்கள் நோயேட்டில் அதையும் குறித்துக்கொள்வோம்.