சலம் சீராகப் போனாலும்

வன்னியில் ஐம்பது வயதைத் தாண்டிய ஆணுக்குச் சலம் போவதில் கரைச்சல் வந்தால், அதற்கான விளக்கம் ஊரிலேயே தயாராக இருக்கும். வெயிலில் நின்று வேலை செய்த சூடு என்பார்கள். கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு, அதனால் கல் என்பார்கள். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களில் காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் இருப்பதால் கிட்னி பழுதாகிவிட்டதோ என்று அஞ்சுபவர்களும் உண்டு. நெருஞ்சி அவித்த தண்ணீரும் வாழைத்தண்டுச் சாறும் வாரக்கணக்கில் ஓடும். இந்த விளக்கங்களில் எதையும் முட்டாள்தனம் என்று தள்ள முடியாது, ஒவ்வொன்றும் சிலருக்குப் பொருந்தும். ஆனால் ஆண்களுக்கு மட்டுமே உள்ள ஒரு சுரப்பியும் இதற்குக் காரணமாகலாம் என்ற பேச்சு அரிதாகவே எழுகிறது. எழுந்தால் நேரே புற்றுநோய்ப் பயத்தில் போய் நிற்கிறது. புரொஸ்டேட் புற்றுநோயில் அறிகுறியை மட்டும் நம்பியிருப்பவர் இரண்டு பக்கமும் ஏமாறுகிறார். சலத்தில் கரைச்சல் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் இல்லை. புற்றுநோய் தொடங்கிய நிலையில் இருப்பவர்களில் பெரும்பாலானோருக்கோ சலத்தில் எந்தக் கரைச்சலும் இல்லை.

இதற்குக் காரணம் அந்தச் சுரப்பியின் அமைப்பு. புரொஸ்டேட் சலப்பைக்குக் கீழே, சலக்குழாயைச் சுற்றி அமைந்திருக்கிறது. இளவயதில் ஏறத்தாழ 20 கிராம் எடை. விந்துத் திரவத்தின் ஒரு பகுதியைச் சுரப்பது அதன் வேலை. வயது ஏற ஏற, குழாயை ஒட்டிய உட்பகுதி பெருக்கத் தொடங்குகிறது. அறுபது வயதளவில் ஏறத்தாழ பாதி ஆண்களிடம் இந்தப் பெருக்கம் இருக்கும், எண்பதைத் தாண்டினால் பெரும்பாலானோரிடம் இருக்கும். இது புற்றுநோயும் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் அல்ல. புற்றுநோயோ பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்பகுதியில், குழாய்க்கு எட்டத்தில் தொடங்குகிறது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வாய்க்காலின் உட்கரை சரிந்தால் அன்றைக்கே தண்ணீர் தடைப்படும். கரையின் வெளிப்பக்கத்தில் கறையான் குடியேறினால் தண்ணீர் பல காலம் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும்.

புற்றுநோய் இல்லை என்பதற்காக உட்பகுதிப் பெருக்கத்தைச் சும்மா விடவும் கூடாது. சலம் வரக் காத்திருப்பது, மெல்லிய தாரையாக விட்டுவிட்டு வருவது, போய் வந்த பிறகும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றுவது, இரவில் பல தடவை எழும்புவது ஆகியவை அதன் வழக்கமான அடையாளங்கள். இரவில் எழும்புவதற்கு நீரிழிவும் காரணமாகலாம் என்பதால் சீனியையும் பார்க்க வேண்டும். (மலசலகூடம் வீட்டுக்கு வெளியே இருக்கும் வளவுகளில், இருட்டில் பாம்புக்கும் இடறலுக்கும் நடுவே வயதானவர் மூன்று தடவை நடப்பதே தனி ஆபத்து.) ஒருநாள் சலம் அடியோடு நின்று வயிறு உப்பி, கதீட்டர் போட்டு இறக்க வேண்டி வரலாம். அடைப்பு மாதக்கணக்கில் நீண்டால் சலம் பின்னுக்குத் தேங்கிச் சிறுநீரகங்களையும் கெடுக்கும். சிறுநீரக நோய் பரவியுள்ள மாவட்டங்களில் இதற்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு. சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியேற்றினின் இரத்தத்தில் கூடியிருக்கும் முதியவர் எல்லோரையும் தண்ணீரின் கணக்கில் எழுதிவிடாமல், அடைப்பு இருக்கிறதா என்று ஸ்கான் செய்து பார்க்க வேண்டும். அடைப்பு என்றால் அதை நீக்கலாம், சிறுநீரகம் ஓரளவாவது மீளக்கூடும். குழாயின் இறுக்கத்தைத் தளர்த்தும் டம்சுலோசின், சுரப்பியைச் சுருக்கும் பினஸ்டரைட் போன்ற மாத்திரைகள் பலருக்குப் போதும். போதாதவர்களுக்குக் குழாய் வழியாகவே கருவியைச் செலுத்திச் சுரப்பியின் உட்பகுதியைச் சுரண்டி எடுக்கும் சத்திரசிகிச்சை இருக்கிறது.

அறிகுறியை நம்ப முடியாதென்றால் ஐம்பது தாண்டிய எல்லோருக்கும் இரத்தப் பரிசோதனை செய்துவிட்டால் என்ன? நியாயமான கேள்விதான். பி.எஸ்.ஏ. என்பது புரொஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம். அதன் அளவு இரத்தத்தில் கூடுவது புற்றுநோயின் தடயமாக இருக்கலாம். சாதாரணப் பெருக்கத்திலும், கிருமித் தொற்றிலும், கதீட்டர் போட்டிருந்தாலும், சலம் அடைத்திருந்தாலும் அது கூடும். பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாளுக்குள் விந்து வெளியேறியிருந்தாலும் சற்று உயரலாம். மறுபுறம், பினஸ்டரைட் எடுப்பவரின் அளவு பாதியாகக் குறைந்து தெரியும். ஆகவே அந்த எண் தனியாக எதையும் தீர்ப்பதில்லை. எல்லோருக்கும் செய்வதால் என்ன நன்மை என்பதை ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் 160,000க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து நடந்த ஆய்வு 23 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. 2025இல் வெளியான முடிவின்படி, பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடையே இந்நோயால் வரும் மரணம் 13 வீதம் குறைந்தது. ஒரு மரணத்தைத் தடுக்க 456 பேரை அழைக்கவும், மேலதிகமாக 12 பேருக்குப் புற்றுநோய் என்று சொல்லவும் வேண்டியிருந்தது. அந்த 12 பேரில் பலருக்கு அந்த நோய் வாழ்நாள் முழுவதும் எந்தத் தீங்கும் செய்யாமல் இருந்திருக்கும். அவர்களுக்கும் பயம், ஊசியால் சதை எடுக்கும் பயொப்சி, சத்திரசிகிச்சை, சிலருக்குச் சலம் கட்டுப்படாமை, ஆண்மைக்குறைவு எல்லாம் வந்து சேரும்.

நன்மை மெய்யானது, அதன் விலையும் மெய்யானது. என் பார்வையில், கிளிநொச்சியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் இலவச முகாம் போட்டு முந்நூறு பேரின் இரத்தத்தை எடுத்துவிட்டு, எண் கூடியவர்களை அவரவர் பாட்டில் விடுவது உதவியாகாது. அடுத்த பரிசோதனைக்கு யார் அனுப்புவார், எங்கே செல்வது என்ற ஏற்பாடு இல்லாத முகாம் வெறும் பயத்தையே விநியோகிக்கிறது. அதற்காகப் பரிசோதனையே வேண்டாம் என்பதும் பிழை. 50க்கும் 69க்கும் இடைப்பட்டவர் இந்தக் கணக்கைக் கேட்டறிந்து, வைத்தியரோடு பேசி, தனக்கு வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிப்பதே பொருத்தம். தகப்பனுக்கோ சகோதரனுக்கோ இந்நோய் இருந்தவருக்கு ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பு, ஆகவே அவர் 45 வயதளவிலேயே பேச வேண்டும். தாய்க்கோ சகோதரிக்கோ இளவயதில் மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். சில குடும்பங்களில் ஒரே மரபணுக் கோளாறு பெண்களுக்கு மார்பிலும் ஆண்களுக்குப் புரொஸ்டேட்டிலும் நோயைக் கொண்டுவரும்.

இது வெள்ளைக்காரர்களின் நோய், நமக்கு வாய்ப்புற்றுநோய்தான் என்று சிலர் சொல்வார்கள். இலங்கை ஆண்களிடையே வாய்ப்புற்றுநோய் முதலிடத்தில் இருப்பது உண்மை, வெற்றிலையும் புகையிலையும் அதற்குக் காரணம். தெற்காசியரிடம் புரொஸ்டேட் புற்றுநோய் குறைவாகப் பதிவாவதும் உண்மை. ஆனால் குறைவாகத் தேடும் இடத்தில் குறைவாகத்தான் கிடைக்கும். அதோடு இது வயதோடு வரும் நோய், இலங்கையோ வேகமாக முதுமை அடைந்துவரும் நாடு. 2020இல் உலகில் 14 இலட்சமாக இருந்த புதிய நோயாளிகளின் தொகை 2040இல் 29 இலட்சமாகும் என்று லான்செட் மருத்துவ சஞ்சிகையின் ஆணைக்குழு 2024இல் கணித்தது. இந்த உயர்வின் பெரும்பங்கு வருமானம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில்தான் நிகழும் என்றும் அது சொன்னது.

பி.எஸ்.ஏ. கூடியிருந்தால் பெரும்பாலும் சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். மலவாசல் வழியாக விரலால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனையும் நடக்கும். ஆண்கள் வெட்கப்பட்டு ஒளிவது இதற்குத்தான், ஒரு நிமிடம்கூட ஆகாத சோதனை. இப்போது பல நாடுகளில் ஊசி குத்திச் சதை எடுப்பதற்கு முன் எம்.ஆர்.ஐ. ஸ்கான் செய்கிறார்கள். அதை முதலில் செய்தால் ஏறத்தாழ கால்வாசிப் பேருக்குப் பயொப்சியே தேவைப்படாது என்று பிரித்தானிய ஆய்வொன்று 2017இல் காட்டியது. வன்னிக்காரர் இங்கே ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும். உடம்பில் செல் துண்டோ சன்னமோ இருந்தால், காயம் ஆறி எத்தனை வருடமானாலும், எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகுமுன் அறிவிக்க வேண்டும். இரும்புத் துண்டை அந்தக் காந்தம் இழுக்கவோ சூடாக்கவோ கூடும். கண்ணுக்கோ முதுகுத்தண்டுக்கோ இரத்தக்குழாய்க்கோ பக்கத்தில் இருந்தால் பெரும் ஆபத்து. முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து முடிவு செய்வார்கள். வெளிநாட்டுப் பாடநூலில் இது ஒரு வரிக் குறிப்பு. 2009 வரை யுத்தத்துக்குள் இருந்த ஊரில் அது வீட்டுக்கு வீடு கேட்க வேண்டிய கேள்வி. போரில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டுக் கதீட்டரோடு வாழ்பவர்களின் பி.எஸ்.ஏ. எண்ணையும் அந்த நிலையைக் கணக்கில் எடுத்தே வாசிக்க வேண்டும்.

புற்றுநோய் என்று உறுதியானாலும் அவசரம் எப்போதும் தேவையில்லை. சுரப்பிக்குள்ளேயே நிற்கும் நோயுள்ள 1,643 பேரைப் பிரித்தானியாவில் மூன்று குழுவாக்கி, ஒரு குழுவைக் கண்காணித்தும், மற்றதற்குச் சத்திரசிகிச்சை செய்தும், மூன்றாவதற்குக் கதிர்வீச்சு கொடுத்தும் பார்த்தார்கள். 15 ஆண்டு கழித்து மூன்று குழுக்களிலும் ஏறத்தாழ 97 வீதத்தினர் இந்நோயால் இறக்காமல் இருந்தனர். கண்காணிக்கப்பட்டவர்களில் நோய் பரவியவர் தொகை ஏறத்தாழ இரு மடங்கு என்பதையும் மறைக்கக் கூடாது. ஆகவே நோய் மெதுவானதா, மூர்க்கமானதா என்பதைப் பயொப்சி சொல்லும் தரத்திலிருந்து அறிந்து தெரிவு செய்ய வேண்டும். மூர்க்கமானதென்றால் காலம் கடத்தக் கூடாது. வடக்கில் கதிர்வீச்சுக்குத் தெல்லிப்பழை இருக்கிறது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து திரட்டிய நிதி அந்தப் புற்றுநோய் வைத்தியசாலை எழ உதவியது. இல்லையெனில் மாகாணத்துக்கு வெளியே போக வேண்டும். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்றாலும், அக்கராயனிலிருந்தோ தருமபுரத்திலிருந்தோ வாரக்கணக்கில் கதிர்வீச்சுக்குப் போய்வருபவருக்கு பஸ் காசும், கூட வருபவரின் நாட்கூலியும் இலவசம் இல்லை. ஊரில் பலர் சிகிச்சையை இடைநடுவில் நிறுத்துவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

நோய் எலும்புக்குப் பரவிவிட்டால் முற்றாகக் குணப்படுத்துவது அரிது. ஆனாலும் பல ஆண்டு கட்டுப்படுத்தலாம். ஆண் ஓமோனே இந்தப் புற்றுநோயின் தீனி என்பதை 1941இல் சார்ள்ஸ் ஹக்கின்ஸ் காட்டினார், அதற்காக 1966இல் நோபல் பரிசு பெற்றார். இன்று அந்த ஓமோனை மாதத்துக்கு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒன்று என்ற ஊசிகளால் அடக்கலாம். விதைகளை அகற்றும் சிறிய சத்திரசிகிச்சையும் அதே வேலையை ஒரே தடவையில் செய்துவிடும். ஆண்மையே போய்விடும் என்று அதைக் கேட்டவுடன் மறுப்பவர்கள் உண்டு. அந்த உணர்வை எள்ளி நகையாட முடியாது. ஆனால் ஊசியும் தாம்பத்திய நாட்டத்தை அதேபோலத்தான் குறைக்கும், உடம்பு திடீரென்று வியர்ப்பதும் எலும்பு தேய்வதும் இரண்டிலும் உண்டு. மருந்துத் தட்டுப்பாடு வந்தால் ஊசி தவறும். 2022 பொருளாதார நெருக்கடியைக் கண்ட நாட்டில் அது வெறும் ஊகமல்ல. தூரத்திலிருந்து வரும் முதியவருக்கு இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் காட்டி, மனைவியையும் பக்கத்தில் இருத்திப் பேசுவது வைத்தியரின் கடமை.

பரவிய நோய் பலருக்கு முதன்முதலில் தெரிவது எலும்பு நோவாகத்தான். ஆறு ஒலிம்பிக் தங்கம் வென்ற சைக்கிளோட்ட வீரர் கிறிஸ் ஹோய் 2023இல் தோள் நோவுக்காகப் போனபோதுதான் நோய் எலும்புவரை பரவியிருப்பது தெரிந்தது. அப்போது வயது 47, தகப்பனுக்கும் பாட்டனுக்கும் இதே நோய் இருந்தது. உடம்பை அவ்வளவு கவனித்தவருக்கே இப்படியென்றால், வாழ்நாள் முழுக்க மண்வெட்டி பிடித்தவரின் முதுகு நோவை யார் சந்தேகிப்பார்? எல்லா முதுகு நோவும் புற்றுநோய் அல்ல, மிகச் சிலவே அப்படி. ஆனால் ஐம்பது தாண்டியவருக்குப் புதிதாக வந்து, படுத்தாலும் விடாமல், இரவில் கூடி, வாரங்களாகத் தைலத்துக்கும் மாத்திரைக்கும் அடங்காத நோவு வேறு சாதி. சலத்தில் இரத்தம் கண்டாலும் உடனே காட்ட வேண்டும். முதுகு நோவோடு கால் பலவீனமாகி, மரத்து, சலமோ மலமோ கட்டுப்படாமல் போனால் முதுகுத்தண்டு நசிபடுகிறது என்று பொருள். மணித்தியாலங்கள் தாமதித்தால் நிரந்தரமாக நடக்க முடியாமல் போகலாம். உடனே 1990 அம்புலன்ஸ் சேவையை அழைக்க வேண்டும், அடுத்த கிளினிக் நாள்வரை பார்த்திருக்கக் கூடாது.

இவ்வளவையும் ஆண்களிடம் யார் கேட்பது என்பதில்தான் நமது சுகாதார சேவையில் ஓட்டை இருக்கிறது. குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருவது தாய்க்கும் பிள்ளைக்கும். 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகளும் பெண்களுக்காக நடக்கின்றன. அந்தச் சேவைகளைக் குறைக்க ஒரு காரணமும் இல்லை. ஆனால் இரத்த அழுத்தத்தையும் சீனியையும் பார்க்க 2011 முதல் திறக்கப்பட்ட ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களுக்கு வருபவர்களிலும் ஆண்கள் குறைவு. வேலை நாளில் வேலை நேரத்தில் திறக்கும் இடத்துக்கு வயலிலும் கடலிலும் நிற்பவர் எப்படி வருவார்? அங்கே ஐம்பது தாண்டிய ஆணிடம் நான்கு கேள்விகள் கேட்கலாம்: சலம் எப்படிப் போகிறது, இரவில் எத்தனை தடவை எழும்புகிறீர்கள், குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் வந்ததா, உடம்பில் செல் துண்டு இருக்கிறதா? இதற்குப் புதிய கட்டிடமோ இயந்திரமோ தேவையில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு காலை கதவு திறந்திருந்தால் போதும்.