கல்லூரி அழைப்புகளும் பெற்றோர் கடமையும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்து, விடைத்தாள்கள் திருத்தப்படுமுன்னரே நம் இல்லங்களுக்குக் கல்லூரிகளின் கடிதங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. வழவழப்பான தாளில் வண்ணப் படங்கள், கைப்பேசியில் குறுஞ்செய்திகள், நாள் தவறாத அழைப்புகள்! "தங்கள் மகன் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளார்" என்று சில கடிதங்கள் வாழ்த்தும் கூறுகின்றன. மதிப்பெண்ணே வெளிவராதபோது எதைக் கொண்டு தேர்ந்தெடுத்தார்கள் என்று பெற்றோர் பலர் கேட்பதில்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்லவிருக்கும் பிள்ளைக்கு வந்த கடிதமாயின், அது திரு இருதய ஆண்டவர் படத்தின்கீழ் வைத்துப் போற்றப்படுவதையும் கண்டிருக்கிறேன்.

இக்கடிதங்கள் ஏன் வருகின்றன? தமிழகத்தில் பொறியியல் கலந்தாய்வில் பங்கேற்கும் கல்லூரிகள் மட்டுமே 400க்கு மேற்பட்டவை. பெயர்பெற்ற சிலவற்றில் இடம் கிடைப்பது அரிது. வேறு சிலவற்றிலோ ஆண்டுதோறும் இடங்கள் காலியாக நிற்கின்றன. மாணவர் கட்டணத்தையே நம்பியுள்ள தனியார் கல்லூரியில் ஓர் இடம் நிரம்பாவிடில் நான்காண்டு வருவாய் அற்றுப்போகிறது. ஆசிரியர் ஊதியமும் கட்டடக் கடனும் அதற்காகக் காத்திருப்பதில்லை. மேலும், கலந்தாய்வு தொடங்கிவிட்டால் மாணவன் தன் மதிப்பெண்ணுக்கேற்பப் பல கல்லூரிகளை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுப்பான். அதற்குமுன் முன்பணம் கட்டவைத்துவிட்டால் அவன் தேர்வுரிமை கட்டுண்டுவிடும். அவசரத்தின் இரகசியம் இதுவே.

முகவரி கிடைப்பது எவ்வாறு? கல்விக் கண்காட்சிகளில் பிள்ளைகள் நிரப்பித் தரும் படிவங்களும், இணையத்தில் விவரம் கேட்கையில் பதிந்துவிடும் எண்களும், பட்டியலை விலைபேசும் தரகர்களுமே வழி. எனவே, பிள்ளையின் திறமையை அறிந்தே அழைத்தார்கள் என மயங்க வேண்டாம். மாணவர் பட்டியலை வெளியாருக்குக் கொடாமல் காப்பது நம் பள்ளித் தலைமையாசிரியர்களின் கடமையுமாகும்.

எல்லாக் கடிதங்களும் வஞ்சகம் என்று கூறுவது நீதியன்று. நாம் கேள்விப்பட்டிராத நல்ல பாடப்பிரிவை அறிவிக்கும் கடிதமும் உண்டு. விண்ணப்பிக்கும் கடைசி நாளை நினைவூட்டும் கடிதமும் உண்டு. ஆயினும் ஆராயாது நம்பினால் துன்பமே விளையும். நான் அறிந்த ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பத்தில், வீடு தேடி வந்த முகவர், "இன்றே கட்டினால் பாதிக் கட்டணம்" என்றதை நம்பி, தாயின் நகையை அடகு வைத்து முன்பணம் கட்டினர். மூலச் சான்றிதழ்களையும் ஒப்படைத்தனர். பின்னர்க் கலந்தாய்வில் அரசுக் கல்லூரியிலேயே இடம் கிடைத்தது. சான்றிதழை மீட்க அவர்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சமன்று. சலுகை முதலாண்டுக்கு மட்டுமே என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

நன்கொடை பெறுவதைத் தமிழகத்தின் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளலாகாது எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவித்தது. சேர்க்கையின் கடைசி நாளுக்குக் குறைந்தது 15 நாள் முன்னதாக விலகினால், 5 விழுக்காட்டுக்கும் 5,000 ரூபாய்க்கும் மேற்படாத தொகையைக் கழித்துக்கொண்டு, கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் அது விதித்தது. இவற்றை அறிந்திருந்தால் அக்குடும்பம் துணிவோடு கேட்டிருக்கும்.

பெற்றோரே, நீங்கள் செய்யத்தக்கவை இவை:

1. வரும் கடிதங்களை ஒரு பையில் சேர்த்து வையுங்கள். வாரம் ஒருமுறை பிள்ளையோடு அமர்ந்து பிரித்துப் பாருங்கள். பிள்ளை விரும்பும் படிப்பு இல்லாதவற்றை அன்றே கழித்துவிடுங்கள்.

2. எஞ்சியவற்றின் கட்டணம், விடுதி, பேருந்து, தேர்வுச் செலவு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். சலுகை எத்தனை ஆண்டுகளுக்கு என்பதை எழுத்தில் கேளுங்கள்.

3. நாக் தரச்சான்று கல்லூரி முழுமைக்கும் உரியது, என்.பி.ஏ. அங்கீகாரமோ தனித்தனிப் பாடப்பிரிவுக்கு உரியது. உங்கள் பிள்ளையின் பிரிவுக்கு அது உண்டா, காலம் முடிந்துவிட்டதா என்று பாருங்கள்.

4. படிவங்களில் பிள்ளையின் எண்ணுக்குப் பதில் உங்கள் எண்ணைக் கொடுங்கள். விளம்பர அழைப்புகள் வேண்டாமென 1909 என்ற எண்ணில் பதிவு செய்யலாம்.

5. ரசீதின்றிப் பணம் தராதீர்கள். கலந்தாய்வு பற்றிய ஐயங்களை மாவட்டந்தோறும் உள்ள உதவி மையங்களில் கேளுங்கள். அக்கல்லூரியில் படித்தவர் நம் பங்கிலேயே இருக்கக்கூடும், அவரையும் விசாரியுங்கள்.

நம் கத்தோலிக்கக் கல்லூரிகளின் கடிதங்களையும் இதே தராசில் நிறுத்துங்கள். நல்ல நிறுவனம் கேள்விக்கு அஞ்சாது.

பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் தெளிவாக எடுத்துரைத்தது. கோபுரம் கட்ட எண்ணுபவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டியதை ஆண்டவரும் லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில் நினைவூட்டுகிறார். எனவே குடும்பச் செபமாலை முடிந்தபின், "உனக்கு எதில் நாட்டம்?" என்று பிள்ளையை அன்போடு கேளுங்கள். எந்தக் கல்லூரிக் கடிதமும் கேட்காத கேள்வி அது. அதற்கு விடை கிடைத்தபின் கடிதப் பையைத் திறவுங்கள்.