காவடியில் கலையும் வழித்துணையும்: பினாங்குத் தைப்பூசத்தை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

ஒருவருடைய அகப்பயணம் தளராதிருக்க மற்றொருவர் உடன்நின்று துணைசெய்வதை ஆன்மிக வழித்துணை எனலாம். இதற்குக் கலைகளைப் பயன்படுத்தும் முறை பல சமயங்களிலும் உண்டு. 1548ஆம் ஆண்டு வெளிவந்த இக்னேசியஸ் லொயோலாவின் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்னும் நூல், விவிலிய நிகழ்ச்சிகளை மனக்கண்ணில் காட்சியாக அமைத்துத் தியானிக்குமாறு வழிகாட்டுகிறது. தமிழரிடையே இதனோடு ஒப்பிடத்தக்கது காவடி வழிபாடு. அவ்வழிபாட்டில் கலை வெறும் அலங்காரமன்று. துணைநிற்றலின் கருவியே அதுதான் என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

சுமப்பவரும் உடன்வருவோரும்

சிவகிரி, சக்திகிரி என்னும் இரு மலைகளை இடும்பன் தோளில் சுமந்து வந்த பழனிக் கதையே காவடிக்கு மூலமாகக் கூறப்படுகிறது. பினாங்கில் தைப்பூசத்தன்று காவடி எடுப்போர், 2012ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட தண்ணீர்மலை அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயத்தை அடைய 513 படிகள் ஏறுகின்றனர். சுமப்பவர் ஒருவரேயாயினும் அவர் தனித்துச் செல்வதில்லை. நோன்பு முறைகளைச் சொல்லிக்கொடுக்கும் மூத்தவர், காவடியை மயிற்பீலியாலும் மலராலும் ஒப்பனை செய்வோர், உறுமி முழக்குவோர், பாடுவோர் ஆகியோர் உடன்வருகின்றனர். சுமப்பவர் சோர்வுறும்போது பாட்டின் விரைவை மாற்றி அவரை நிலைப்படுத்துவது நல்ல குழுவின் இயல்பு. அவ்வேளையில் அறிவுரையால் ஆகாததைத் தாளம் செய்கிறது.

சிந்தும் தோழியும்

இப்பணிக்கெனவே அமைந்த பாவடிவம் காவடிச்சிந்து. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் (1865–1891) கழுகுமலை முருகன்மீது பாடிய காவடிச்சிந்து, ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் காவடி எடுத்துச் சென்ற பயணத்தோடு தொடர்புடையது என்பர். அதன் அளவொத்த அடிகளும் இயைபுத் தொடையும் தாளக்கட்டும் நடைக்கு இசைந்தவை. முன்னே ஒருவர் பாட, ஏனையோர் பின்பாடுவதற்கும் அவை ஏற்றவை. அந்நூலின் பாடல்கள் பல அகத்துறையில் அமைந்திருப்பது நம் கருத்துக்கு அரண்செய்கிறது. தலைவி தன் வேட்கையைத் தோழியிடம் உரைக்கிறாள். தோழி கேட்கிறாள், ஆற்றுவிக்கிறாள், தூது செல்கிறாள். சங்க அகமரபு வகுத்த இத்தோழியே ஆன்மிக வழித்துணைக்குத் தமிழ் தந்த இலக்கணம் எனலாம்.

இன்றைய சிக்கல்

தோட்டப்புறங்களில் அண்டை வீட்டாரே பாட்டுக்குழுவாக அமைந்தனர். பினாங்கு மேம்பாட்டுக் கழகம் 1970களில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையை அடுத்து உருவாக்கிய பாயான் பாரு போன்ற நகரங்களில் நிலைமை வேறு. அடுக்குமாடி வாழ்வும் முறைமாற்று வேலையும் கூடிப்பாடும் வாய்ப்பைக் குறைக்கின்றன. பாடத் தெரிந்த குழு இல்லாதவிடத்து ஒலிபெருக்கி அவ்விடத்தை எளிதில் நிரப்பிவிடுகிறது. ஒலிப்பதிவு எவ்வளவு இனிதாயினும் சுமப்பவரின் மூச்சை அறியாது. அவர் நின்றால் அதுவும் நிற்பதில்லை. இங்கு இழக்கப்படுவது பாட்டன்று, துணை.

ஓசையின் அளவைக் கட்டுப்படுத்துவதால் மட்டும் இவ்விழப்பு நீங்காது. பாடும் திறனை மீட்டளித்தல் வேண்டும். காவடிச்சிந்தை யாப்பிலக்கண எடுத்துக்காட்டாக மட்டும் கற்பிக்காமல், மாணவர் நடந்துகொண்டே தாளமிட்டுப் பாடவும், ஒருவர் நடைக்கு ஏற்ப மற்றவர் விரைவை மாற்றிப் பழகவும் செய்யலாம். இலக்கிய வகுப்பில் தோழி கூற்றைப் பயிலும்போது, பிறர் துயரைக் கேட்கும் முறையையும் உடன் உணர்த்தலாம். ஆலயங்களும் தைப்பூசத்திற்குச் சில வாரங்களுக்கு முன்னரே, பணிநேரம் ஒத்துவராதோரையும் கருத்திற்கொண்டு, பாட்டுப் பயிற்சி நடத்தலாம்.

முடிவுரை

சுமப்பவருக்கும் உடன்வருவோருக்கும் இடையிலான உறவே காவடியின் உயிர். அவ்வுறவைப் புலப்படுத்தும் மொழியாகப் பாட்டும் தாளமும் ஒப்பனையும் விளங்குகின்றன. எனவே, ஒரு மாணவருக்குக் காவடிச்சிந்தைப் பாடக் கற்பிக்கும் தமிழாசிரியர், இலக்கியத்தோடு பிறர்க்குத் துணைநிற்கும் வழியையும் கற்பிக்கிறார் என்பது நம் துணிபு.