நாக்குக்குக் கீழே ஒரு சொட்டுக் கச்சான்! தெரியுமா?

கல்முனைச் சந்தையில் வறுத்த கச்சானைச் சுடச்சுட வாங்கிக் கொறிக்கிறோம். அதில் ஒரேயொரு பருப்பு, கச்சான் ஒவ்வாமையுள்ள சில பிள்ளைகளுக்கு மூச்சையே அடைத்துவிடும், தெரியுமா? அதைவிடப் பெரிய ஆச்சரியம்: அந்தப் பிள்ளைகளுக்கு மருந்தாகப் பரீட்சிக்கப்படுவதும் அதே கச்சான்தான்!

எப்படி? கச்சான் புரதம் கலந்த சொட்டை நாக்குக்குக் கீழே விட்டு, 2 நிமிடம் அப்படியே வைத்திருந்து, பிறகு விழுங்க வேண்டும். தினமும்! ஊசியே இல்லை! நெஞ்சுவலிக்காரர்கள் நாக்குக்குக் கீழே குளிசை வைப்பதைப் பார்த்திருப்பீர்கள்தானே? இடம் அதே இடம், வேலைதான் வேறு!

எவ்வளவு மருந்து தெரியுமா? ஒரு கச்சான் பருப்பில் சுமார் 250 முதல் 300 மில்லிகிராம் புரதம் இருக்கிறது. சொட்டில் இருப்பதோ நாளுக்கு வெறும் 2 மில்லிகிராம்! ஒரு பருப்பை நூற்றுக்கும் மேற்பட்ட துணுக்குகளாக்கி, அதில் ஒரு துணுக்கு!

இத்துணூண்டு என்ன செய்துவிடும் என்கிறீர்களா? 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வைப் பாருங்கள். 18 பிள்ளைகள், 12 மாதம். மருந்தில்லாத வெறும் சொட்டுப் போட்டவர்கள் 85 மில்லிகிராம் வரைதான் தாங்கினார்கள். ஒரு பருப்பில் மூன்றில் ஒரு பங்கு! மருந்துச் சொட்டுப் போட்டவர்களோ 1,710 மில்லிகிராம்! ஏறக்குறைய ஆறு பருப்பு! 20 மடங்கு!

ஏன் நாக்குக்குக் கீழே? வாய்க்குள் வருவதையெல்லாம் எதிரியாகப் பார்க்காத, பொறுமைசாலியான நோயெதிர்ப்புக் கலங்கள் அங்கே இருக்கின்றன! சொட்டிலுள்ள புரதத்தைப் பிடித்து நிணநீர்க் கணுக்களுக்குக் கொண்டுபோய், ‘இது ஆபத்தில்லை’ என்று உடம்புக்குப் பழக்குவது அவைதான்!

கச்சானோடு நிற்கவில்லை! ஸ்பெயினில் 2005இல் ஹேசல்நட் சொட்டு. 23 பேர் கலந்துகொண்ட ஆய்வு. மருந்து பெற்றவர்கள் முன்பு சராசரியாக 2.29 கிராமில் திணறினார்கள், பிறகு 11.56 கிராம் வரை தாங்கினார்கள்! அவர்களில் பாதிப்பேர் 20 கிராமையே சாப்பிட்டு முடித்தார்கள்! பீச் பழத்துக்கும் 2009இல் சொட்டு வந்தது. ஜேர்மனியில் கிவிப் பழம் உயிருக்கே உலை வைத்த ஒரு பெண்ணுக்கு, 2003இலேயே கிவிச் சாற்றால் இந்தச் சிகிச்சை!

நோன்பு காலத்தில் என்ன செய்வது? நம் ஊரில் முதல் கேள்வியே இதுதான்! 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி என்ன சொன்னது தெரியுமா? நெஞ்சுவலிக்கு நாக்குக்குக் கீழே வைக்கும் குளிசையால் நோன்பு முறியாது! ஆனால் ஒரு நிபந்தனை: தொண்டைக்கு வருவதை விழுங்கக் கூடாது. கச்சான் சொட்டோ கடைசியில் விழுங்கப்படுவது. நல்லவேளை, நாளுக்கு ஒரு தடவைதான்! வைத்தியரிடம் கேட்டு, மக்ரிபுக்குப் பிறகு இரவில் போட்டுக்கொள்ள வழி இருக்கிறது!

ஒரு விடயத்தில் மட்டும் விளையாட வேண்டாம்! வீட்டில் கச்சானை அரைத்துப் பிள்ளையின் வாயில் சொட்டு விடவே கூடாது! ஆய்வுகளில் அட்ரினலின் ஊசியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, நுணுக்கமாக அளந்துதான் கொடுக்கிறார்கள். புல் மகரந்த ஒவ்வாமைக்கான நாக்கடிக் குளிசைகளுக்கு அமெரிக்கா 2014இல் அனுமதி கொடுத்துவிட்டது. கச்சான் சொட்டு இன்னும் ஆய்வுக் கட்டத்தில்தான்.

கச்சான் சொட்டு ஆய்வுகளில் வந்த இன்னொரு செய்தி தெரியுமா? 1 முதல் 4 வயதுவரையான 50 குழந்தைகள்! நாளுக்கு 4 மில்லிகிராம், 3 வருடம்! 2024இல் முடிவு வந்தது: மருந்து பெற்ற குழந்தைகள் தாங்கிய அளவு 4,443 மில்லிகிராம்! சுமார் 15 பருப்பு! சொட்டை 3 மாதம் நிறுத்திவிட்டும் பார்த்தார்கள். மருந்து பெற்றவர்களில் 48 சதவீதம் பேருக்கு அப்போதும் கச்சான் ஒன்றும் செய்யவில்லை!