கடல்கடந்து வந்த தொண்டரும் மருத்துவத் தமிழும்

மேலைநாடுகளிலிருந்து கடல்கடந்து வந்து தமிழ் மக்களுள் ஏழை எளியவரிடையே பணியாற்றிய கிறித்தவத் தொண்டர்களைத் தமிழுலகம் நன்கறியும். ஆயினும், அவர்களைப் பற்றிய ஆராய்ச்சிகள் பெரும்பாலும் அவர்தம் இலக்கணம், அகராதி, விவிலிய மொழிபெயர்ப்பு, பதிப்பு ஆகிய துறைகளையே சுற்றி அமைந்துள்ளன. நோயுற்ற எளியவர்க்கு மருந்து அளிக்கப் புகுந்த இடத்தில் தமிழ்மொழிக்கு விளைந்த பயன் அத்துணை விரிவாக நோக்கப்பெறவில்லை. தொண்டு செய்ய வந்தவர் முதற்கண் மாணவராகி, எவர்க்குத் தொண்டு செய்ய வந்தாரோ அவரிடமே மொழி பயின்ற பொழுதுதான் அத்தொண்டு நிலைபெற்றது என்பதும், அப்பயிற்சியின் பேறாகவே தமிழில் அறிவியல் உரைநடை ஒன்று தோன்றிற்று என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

1. சென்னையில் தொடக்கம்

சென்னைக்கும் அயல்நாட்டுக் கிறித்தவர்க்கும் உள்ள தொடர்பு மயிலாப்பூரில் தொடங்குகின்றது. போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே சாந்தோமில் குடியேறினர். வேப்பேரியில் வாழ்ந்த பப்ரிசியசு என்னும் செருமானியர் 1779-இல் தம் அகராதியை வெளியிட்டார். 1839-இல் சென்னை வந்திறங்கிய போப், கப்பற் பயணத்தின்போதே தமிழ் பயின்று வந்தவர். பிற்காலத்தே இராயப்பேட்டையைத் தம் நிலைக்களமாகக் கொண்ட வெசுலியன் சங்கத்தார், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மயிலாப்பூரில் பெண்டிர்க்கும் குழந்தைகட்கும் என ஒரு மருத்துவமனையை நிறுவினர். கல்யாணி மருத்துவமனை என இன்று வழங்குவது அதுவே.

ஈண்டு நமக்கு இன்றியமையாதது 1836-ஆம் ஆண்டு. சென்னையில் அரசினர் மருத்துவப் பள்ளி 1835-இல் தொடங்கப்பெற்றது. அது 1850-இல் கல்லூரியாயிற்று. அங்குப் பயிற்று மொழி ஆங்கிலம். பள்ளி தோன்றிய அடுத்த ஆண்டில், யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு அமெரிக்கத் தொண்டர்கள் சென்னைக்கு வந்தனர். ஒருவர் மைரன் வின்சுலோ. மற்றவர் மருத்துவர் சான் ஸ்கடர். இருவரும் 1819-இல் அமெரிக்காவை விட்டுக் கப்பலேறி ஈழத்தை அடைந்தவர்கள். சென்னைக்கு வருமுன் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் தமிழ் மக்களிடையே வாழ்ந்தவர்கள். ஸ்கடர் நியூயார்க்கில் மருத்துவத் தொழிலை விட்டு வந்தவர். அவருடைய பேர்த்தியாராகிய ஐடா ஸ்கடரே வேலூர் மருத்துவமனையை நிறுவி, 1918-இல் பெண்டிர்க்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார்.

அமெரிக்க மிஷனார் சென்னையில் 1838-இல் ஓர் அச்சகத்தை வாங்கினர். அச்சுக்கலை வல்ல அண்ட்டு என்பார் அதனை நடத்தினார். வின்சுலோவின் தமிழ் – ஆங்கிலப் பேரகராதி 1862-இல் வெளிவந்தது அவ்வச்சகத்திலிருந்துதான். வின்சுலோ தாயகம் திரும்பும் வழியில் 1864-இல் நன்னம்பிக்கை முனையில் உயிர்நீத்தார்.

2. அகராதியும் நோயாளியும்

வின்சுலோ அகராதியில் 67,000-க்கு மேற்பட்ட சொற்கள் உள்ளன. யாழ்ப்பாணத்தில் நைட்டு என்னும் தொண்டர் தொடங்கிவைத்த தொகுப்பு பலர் கைப்பட்டு வளர்ந்து சென்னையில் நிறைவுற்றது. அதன் தலைப்பிலேயே செந்தமிழ், கொடுந்தமிழ் ஆகிய இரண்டிற்கும் உரியது என்னும் கருத்துப்படக் குறிக்கப்பெற்றிருத்தல் சிந்திக்கத்தக்கது. நிகண்டு மரபு செய்யுட் சொற்களையே பெரிதும் போற்றியது. புலவர்க்கு அது போதும். ஆனால் தெருவிலும் திண்ணையிலும் எளியவரோடு பேசவேண்டிய தொண்டர்க்கு அது போதாது. பேச்சு வழக்குச் சொல் அகராதியில் இடம்பெறுதற்குத் தொண்டின் தேவையே பெருங்காரணமாயிற்று.

இத்தேவை மருத்துவத்தில் மிகுதி. நோயாளி தன் துன்பத்தைச் சொல்லும் சொல்லே மருத்துவனுக்கு முதற்சான்று. தமிழில் 'வலி' என்னும் பொதுச்சொல்லுக்குள் எத்துணை வேறுபாடுகள் அடங்கியுள்ளன என்று நோக்குக. ஊசி புகுவது போன்றது குத்தல். எலும்பின் உள்ளிருந்து துளைப்பது போன்றது குடைச்சல். உழைத்து ஓய்ந்த கை கால்களில் தோன்றுவது உளைச்சல். தசை இறுகுவது பிடிப்பு. நரம்பு இழுப்பது இசிவு. கடுப்பு என்பதோ நீர்க்கடுப்பு, வயிற்றுக்கடுப்பு, மூலக்கடுப்பு என அடைபெற்று வெவ்வேறு நோய்களைச் சுட்டும். ஏட்டுக்கல்வி இல்லாத முதியவளும் இவற்றை ஒன்றோடொன்று மயங்காமல் வழங்குகின்றாள். 'சூடு' என்று அவள் கூறின் அது காய்ச்சல் அன்று. உணவாலும் வெயிலாலும் உடலில் மிகுவதாக மரபு கருதும் வெம்மை. 'வாய்வு' என்பதும் 'பித்தம்' என்பதும் அவ்வாறே ஒரு மருத்துவக் கொள்கையைத் தம்முள் அடக்கிய சொற்கள். இடையில் நிற்கும் மொழிபெயர்ப்பாளன் இவை அனைத்தையும் 'வலி' என்னும் ஒரு சொல்லாக்கித் தருவானாயின், மருத்துவன் சான்றிழந்தவன் ஆகின்றான். நோயாளி நாவிழந்தவள் ஆகின்றாள்.

3. மானிப்பாயில் கிறீன்

மொழித்தேவையை முழுதும் உணர்ந்து, மருத்துவக் கல்வியையே தமிழாக்கத் துணிந்தவர் ஸ்கடரின் வழியில் வந்த மற்றோர் அமெரிக்கர். சாமுவேல் பிசுக்கு கிறீன் 1822-இல் மாசச்சூசெட்சு மாநிலத்தில் பிறந்தவர். 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். 1848-இல் மானிப்பாயில் மருத்துவப் பணியையும், மாணவர் சிலர்க்கு மருத்துவம் பயிற்றும் பணியையும் மேற்கொண்டார். 1857-இல் தாயகம் சென்ற அவர் 1862-இல் திரும்பி வந்து 1873 வரை பணியாற்றினார். அவரிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதின்மருக்கு மேற்பட்டவர்.

தொடக்கத்தில் அவர் ஆங்கிலத்திலேயே பயிற்றினார். ஆங்கிலம் கற்ற மாணவன் அரசுப் பணியை நாடி நகரங்கட்குச் சென்றுவிடுவதும், ஊர்ப்புறத்து ஏழைக்கு மருத்துவன் கிட்டாமற் போவதும் அவர் கண்முன் நிகழ்ந்தன. வட்டுக்கோட்டையில் 1823-இல் தோன்றிய புகழ்பெற்ற கல்விக்கூடம் 1855-இல் மூடப்பெற்றமைக்கும் இத்தகைய சிந்தனையே ஒரு காரணம். ஆகவே இரண்டாம் முறை வந்தபின், 1864 முதல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கலானார். மாணவர் தம் நாட்டு உடையையும் பழக்கங்களையும் கைவிடாது தமிழராகவே இருத்தல் வேண்டும் என்பதும் அவர் கருத்து.

கற்பிக்க நூல் வேண்டுமன்றோ? பிரசவ வைத்தியம் 1857-லேயே வந்திருந்தது. தொடர்ந்து இரண வைத்தியம் (1867), மனுஷ அங்காதிபாதம் (1872), வைத்தியாகரம் (1872), கெமிஸ்தம் (1875), மனுஷ சுகரணம் (1883), இந்து பதார்த்த சாரம் (1884) ஆகியன வெளிவந்தன. இவை அக்காலத்து மேலைநாட்டு மருத்துவக் கல்லூரிகளில் வழங்கிய பாடநூல்களின் தமிழாக்கங்கள். நாடு திரும்பிய பின்னரும் கிறீன் தம் வாழ்நாளின் இறுதி வரை கையெழுத்துப்படிகளைத் திருத்தி அனுப்பிவந்தார். 1884-இல் அவர் மறைந்தார். தமிழர்க்கு மருத்துவத் தொண்டராயிருந்தவர் என்பதே அவர் கல்லறை தாங்கும் செய்தி.

ஈண்டு ஒன்று கூறுதல் கடன். இம்மொழிபெயர்ப்புகள் கிறீன் ஒருவரால் ஆனவை அல்ல. டன்வதர், சாப்மன் முதலிய மாணவர் மொழிபெயர்க்க, அவர் ஒப்புநோக்கித் திருத்தினார். மிஷன் பள்ளிகளில் சேர்ந்த தமிழ்ச் சிறுவர்க்கு அமெரிக்காவிலிருந்து பொருளுதவி செய்தோர் பெயர்களை இடுவது அந்நாளைய வழக்கம். ஆதலின் பெயர் அயலது, ஆள் தமிழர். நூற்பட்டியலில் அயற்பெயரைக் கண்டவுடன் அயலவர் என முடிவு செய்யும் ஆராய்ச்சியாளர் தமிழரின் உழைப்பைத் தமிழரிடமிருந்தே பறித்தவராவர்.

4. கலைச்சொல் நெறி

கிறீன் கையாண்ட சொல்லாக்க நெறி வரிசைமுறை உடையது. வழக்கிலுள்ள தமிழ்ச் சொல்லை முதலில் தேடுதல்; அது கிட்டாவிடின் வடமொழியை நாடுதல்; அதுவும் இயலாவிடின் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு ஏற்பத் திரித்துக் கொள்ளுதல் என அதனைச் சுருக்கிக் கூறலாம். நூல்களின் பெயர்களே இதற்குச் சான்று பகரும்.

இரண வைத்தியம் என்பது நாட்டு மருத்துவர் பண்டு தொட்டு வழங்கிய பெயர். அங்காதிபாதம் என்பதும் மருத்துவ மரபில் உள்ளதே; தலைவியையோ தெய்வத்தையோ உறுப்புதோறும் பாடும் பாதாதிகேசம், கேசாதிபாதம் என்னும் சிற்றிலக்கிய வகைகளோடு அது ஒலியாலும் பொருளாலும் உறவுடையது. இந்து பதார்த்த சாரம் என்ற அளவிலே, தமிழ் மருத்துவம் கற்றார்க்குப் பதார்த்தகுண சிந்தாமணி நினைவுக்கு வரும். புதிய நூலைப் பழைய மரபின் வாயிலில் கொண்டுவந்து நிறுத்தும் உத்தி இது. வைத்தியாகரம் என்பது வைத்தியம், ஆகரம் என்னும் இரண்டு வடசொற்கள் புணர்ந்த தொடர். மருத்துவச் சுரங்கம் என்பது பொருள்.

கெமிஸ்தம் என்பதே யாவற்றினும் நுணுகி ஆராயத்தக்கது. ஆங்கிலச் சொல்லின் பகுதியைக் கொண்டு அம்மீறு சேர்த்து ஆக்கப்பட்ட இப்பெயர், மரம் மரத்தை என்றாற்போலக் கெமிஸ்தம் கெமிஸ்தத்தை, கெமிஸ்தத்தில் எனத் தமிழ் இலக்கணத்திற்கு முற்றும் அடங்கி வேற்றுமை ஏற்கும். வடசொல் தமிழில் புகுங்கால் தன் எழுத்தொலியை விட்டுத் தமிழெழுத்தோடு பொருந்த வேண்டும் என்று தொல்காப்பியர் வகுத்த நெறியை, ஆங்கிலச் சொல்லுக்கு நீட்டியதாகவே இதனைக் கருதலாம். ஆயினும் வடவெழுத்தை முற்ற விலக்காமை ஒரு குறையே. இன்று வேதியியல், உடற்கூற்றியல், அறுவை மருத்துவம் என்னும் தூய வடிவங்கள் நிலைத்துவிட்டன. அவை கிறீன் காலத்துச் சொற்களினும் தெளிவுடையன என்பதில் ஐயமில்லை. எனினும், தமிழில் இயலாது என்று பலர் கூறிய ஒன்றை இயற்றிக் காட்டிய பெருமை அப்பழைய வடிவங்கட்கே உரியது.

5. தடைகளும் மறுப்புகளும்

தொண்டரின் நோக்கத்தை மறைத்துக் கூறுதல் ஆராய்ச்சி ஆகாது. மருத்துவம் அவர்க்குச் சமயப் பரப்பலின் துணைக்கருவி. மருந்து பெற வந்தோர் மறையுரையும் கேட்டே சென்றனர். இதனை எதிர்த்துச் சைவம் காக்க எழுந்த ஆறுமுக நாவலர், 1848-இல் வண்ணார்பண்ணையில் பாடசாலை நிறுவியது கிறீன் மானிப்பாயில் பணி தொடங்கிய அதே ஆண்டில் என்பது குறிக்கத்தக்கது. நாவலரும் பெர்சிவல் என்னும் வெசுலியன் தொண்டரோடு இருந்து விவிலிய மொழிபெயர்ப்பில் துணைபுரிந்தவரே. ஆதலின், ஒரே காலத்தில், ஒரே மண்ணில், எதிரெதிர் நோக்கங்களிலிருந்து தெளிந்த தமிழ் உரைநடை பிறந்தது எனல் பொருந்தும்.

தமிழ்வழி மருத்துவத்திற்கு நேர்ந்த தடை சமயம் பற்றியது அன்று, பிழைப்புப் பற்றியது. ஆங்கிலம் கற்றார்க்கே பதவியும் ஊதியமும் இருந்தமையின் மாணவரும் பெற்றோரும் ஆங்கிலத்தையே வேண்டினர். கொழும்பில் 1870-இல் ஆங்கிலவழி மருத்துவப் பள்ளி தோன்றிற்று. கிறீனுக்குப்பின் அவர் முயற்சியைத் தொடர்வார் இலராயினர். தமிழகத்திலும் மருத்துவப் பட்டக்கல்வி இன்றுவரை ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றது. அகராதிப் பணியோ தளரவில்லை. வின்சுலோவின் தொகுப்பு, சாண்ட்லர் என்னும் மற்றோர் அமெரிக்கத் தொண்டரும் பின்னர் வையாபுரிப்பிள்ளையும் பதிப்பாசிரியராயிருந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனுக்கு (1924–1936) அடித்தளங்களுள் ஒன்றாயிற்று. சொல் தொகுக்கப்பெற்றது; தொகுத்த சொல்லால் மருத்துவம் கற்பிக்கப்பெறவில்லை.

6. இன்றைய நிலை

இக்காலத் தொண்டர் கப்பலில் மாதக்கணக்காக வருவதில்லை. வானூர்தியில் வந்து, சில கிழமைகள் தங்கி மீள்கின்றனர். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கியபின், பல நாட்டுத் தொண்டர்கள் உதவிக்கு வந்தனர். அடையாற்றுக் கழிமுகத்தின் இருமருங்கும் உள்ள சீனிவாசபுரமும் ஊரூர்க் குப்பமும் அப்பேரலையைக் கண்ட இடங்களே. வந்தோரின் இரக்கமும் உழைப்பும் மெய்யானவை. ஆயின், சில கிழமையில் குடைச்சலையும் உளைச்சலையும் வேறு பிரித்துணர ஒருவர்க்கும் இயலாது. அந்நிலையில் தொண்டின் சுமை முழுதும் மொழிபெயர்ப்பவர் தோளில் ஏறுகின்றது. அவர்க்கோ பயிற்சி நூலும் இல்லை, சொற்றொகுதியும் இல்லை.

இக்குறையைத் தீர்க்கும் பொறுப்பை அயலவர்மேல் ஏற்றுதல் முறையன்று. ஆங்கிலவழி மருத்துவம் கற்ற நம்மவரும், குப்பத்து மூதாட்டியின் சொல்லைப் பொறுத்த அளவில், அயலவரே ஆகின்றனர். நோயாளர் வழங்கும் சொற்களை வட்டாரந்தோறும் தொகுத்துப் பொருள் வரையறுத்தல் தமிழ்த் துறைகள் மேற்கொள்ளத்தக்க பணி. மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரையுள்ள கடற்கரைக் குப்பங்கள், பல்கலைக்கழகத்திலிருந்து சிறிது தொலைவிலேயே உள்ளன. ஆராய்ச்சி மாணவர் ஆங்குத் தொடங்கலாம். கிறீனும் டன்வதரும் சாப்மனும் மொழிபெயர்த்த நூல்களைச் சொல்லடைவோடு ஒப்பிட்டு ஆராய்வது அதற்கு முன்செய்ய வேண்டுவது. ஏழையின் நோய்க்கு மருந்து அளிப்பார் எந்நாட்டினராயினும், அவள் சொல்லைச் செவிமடுத்து உணரவல்ல தமிழை ஆக்கித் தருதல் தமிழ் பயின்றார் கடனாகும்.